சனி, ஞாயிறு: வீடு திறந்திருக்கும்

ஏப்ரல் 18, 2024. வியாழன்

காலையில் நாலு பாகை. மழை இல்லை. வீடு விற்பனை முகவர் பிரணவன் பத்து மணிக்குச் சொன்னபடியே வந்தான். வயது இருபத்தெட்டு இருக்கும். இங்கேயே, ஸ்காபறோவில் பிறந்த பிள்ளை. தமிழ் நன்றாக விளங்கும், கதைக்கும்போதுதான் கொஞ்சம் தடுக்கும். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்ததால் எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

எல்லா அறைகளையும் பார்த்தான், படம் எடுத்தான். பிறகு குசினி மேசையில் இருந்துகொண்டு விஷயத்துக்கு வந்தான்.

"அங்கிள், ரெண்டு சனி ஞாயிறு ஓப்பன் ஹவுஸ் வைப்பம். பின்னேரம் ரெண்டு மணியிலை இருந்து நாலு மணி மட்டும். அந்த நேரம் நீங்கள் வீட்டிலை நிக்கக்கூடாது."

"என்ரை வீட்டிலை நான் ஏன் தம்பி நிக்கக்கூடாது?"

"வீட்டுக்காரர் நிண்டால் வாற ஆக்கள் வாய் துறக்கமாட்டினம். அலுமாரி திறந்து பாக்கமாட்டினம். தங்கடை வீடு மாதிரி நினைச்சுப் பாத்தால்தானே வாங்குவினம்."

யார் வருவார்கள் என்று கேட்டேன். யாரும் வரலாம் என்றான். முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லையாம். கதவு திறந்திருக்கும், பெயரை எழுதிவிட்டு உள்ளே போகலாம்.

இந்த வீட்டில் முப்பத்தொரு வருடங்களாக இருக்கிறேன். சொல்லாமல் வந்தவர்கள் மிகக் குறைவு. எனக்கு அது சரிவராது என்று எல்லோருக்கும் தெரியும்.

பத்திரங்களில் நான் கையெழுத்து வைத்தேன். மனைவி லோசனியின் கையெழுத்து கொம்பியூட்டரில் முதல் நாளே வந்துவிட்டது என்றான் பிரணவன். அவள் மொன்றியலில் நிற்கிறாள், உதவிக்கு. இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்றுதான் விற்கிறோம்.

ஏப்ரல் 20, சனி

சாமான் கட்டினேன். பிரணவன் ஒரு பட்டியல் தந்திருக்கிறான். சாமிப் படங்கள், குடும்பப் படங்கள் எல்லாம் எடுத்துவிட வேண்டும். சமையல் மணம் இருக்கக்கூடாது. ஓப்பன் ஹவுஸ் முடியுமட்டும் மீன் பொரிக்கக்கூடாது என்று தனியாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறான். அந்தக் கவலை அவனுக்கு வேண்டாம். நவம்பர் மாதத்திலிருந்து இந்தக் குசினியில் பாணும் முட்டையும்தான்.

சாமி அறையைக் கழற்றியபோது சுவரில் விளக்குப் புகை பட்ட இடம் தெரிந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. லோசனி வெள்ளிக்கிழமைகளில் மெதுவாகப் பாடுவாள். நான் முன்னறையில் பேப்பர் வாசித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். நான் கேட்கிறேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாள். அதனால் தாளைப் புரட்டும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே செய்வேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

வீட்டை அலங்கரிக்கும் பெண் ஒருத்தியைப் பிரணவன் கூட்டிவந்தான். அவள் ஒரு மணித்தியாலம் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, பேஸ்மென்ட்டில் உள்ள நீலச் சுவரை மட்டும் வெள்ளையாக்க வேண்டும் என்றாள். அறை இருட்டாகத் தெரிகிறதாம்.

வேண்டாம் என்றேன்.

"ஒரு நாள் வேலைதான் அங்கிள். நானே ஆள் அனுப்புறன்."

"வேண்டாம் எண்டால் வேண்டாம் தம்பி. வாங்கிறவை அடிக்கட்டும்."

அந்தச் சுவருக்கு நீலம் அடித்தது லோசனியின் தம்பி கேதீசன். 95 நவம்பரில் ஊரிலிருந்து வந்தான். விமான நிலையத்தில் ஒரு மெல்லிய ஜக்கெட்டோடு நின்றான். நான் என்னுடைய மேலங்கியைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டேன். கார் வரைக்கும் நான் நடுங்கிக்கொண்டு வந்தேன், அவன் சிரித்துக்கொண்டு வந்தான். பேஸ்மென்ட்டில் யன்னல் சின்னது. வெளியே எப்போதும் பனிதான் தெரியும். "அத்தான், எனக்குக் கடல் வேணும்" என்று ஒரு வாளி நீல வண்ணம் வாங்கிவந்து ஒரே பகலில் அடித்து முடித்தான். எங்கள் மகள் மைதிலிக்கு அப்போது ஆறு வயது. அவளும் ஒரு தூரிகையோடு நின்று, தலைமுடியெல்லாம் நீலமாக மேலே வந்தாள்.

இரண்டு வருடம் சொச்சம் எங்களோடு இருந்தான். பிறகு மொன்றியலில் வேலை கிடைத்தது என்று போய்விட்டான்.

ஏப்ரல் 27, சனி

முதல் ஓப்பன் ஹவுஸ். பதின்மூன்று பாகை, நல்ல வெயில்.

ஒன்றரைக்குப் பிரணவன் வந்து வாசலில் பலகை நட்டான், எல்லா விளக்குகளையும் போட்டான். ஒரு மேசையில் பெயர் எழுதும் தாளும் பேனையும். பெயர், தொலைபேசி இலக்கம், "இந்த வீட்டைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்று மூன்று நிரல்கள்.

எங்காவது போங்கோ அங்கிள் என்றான். போகிறேன் என்றுதான் காரை எடுத்தேன். ஆனால் தெருமுனையில் திருப்பிக்கொண்டு வந்து, நாலு வீடு தள்ளி நிறுத்தி, உள்ளேயே இருந்துவிட்டேன்.

முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். வலது பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசக் கிழவி மரியாதான் முதல் ஆள். முப்பது வருடமாக வேலிக்கு மேலால் தக்காளிப்பழம் தருகிறவள். உள்ளே வந்தது இன்றைக்குத்தான். இருபது நிமிடம் நின்றாள். ஒரு சீனர் முற்றத்தைக் காலடியால் அளந்தார். கோயிலில் காணும் ஒரு தமிழ்ச் சோடி, வீடு வாங்குகிற ஆட்களே அல்ல, குசினி பார்க்கத்தான் வந்திருக்க வேண்டும். மனைவி வெளியே வந்து கணவரின் காதில் என்னவோ சொன்னாள், அவர் திரும்பி வீட்டைப் பார்த்தார். என்ன சொல்லியிருப்பாள் என்று பின்னேரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பெண் இல்லாத வீடு மாதிரி இருக்கிறது என்றா?

நாலேகாலுக்கு உள்ளே போனேன். யாரோ குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அரைப் பாணும் ஆறு முட்டையும் கண்டிருப்பார்கள்.

"எத்தினை பேர் வாங்கக்கூடிய ஆக்கள்?" என்று கேட்டேன்.

பிரணவன் தலையைச் சொறிந்தான். "உண்மையைச் சொன்னால் அங்கிள், ஓப்பன் ஹவுஸிலை வந்தவை வீடு வாங்கிறது நூறுக்கு ரெண்டு மூண்டுதான். பாதிப் பேர் அயலுக்குள்ளை இருக்கிறவை, புதினம் பாக்க வருவினம். வாங்கிறவை தங்கடை ஏஜென்டோடை தனியா வருவினம்."

"அப்ப ஏன் வைக்கிறாய்?"

"ஏஜென்டுக்குப் புது ஆக்களைப் பழக்கம் பிடிக்கலாம்." சிரித்துவிட்டான். உண்மை சொல்கிற பிள்ளை. "ஆனா சில நேரம், நாங்கள் நினைக்காத ஆள் ஒராள் வரும் அங்கிள். அதுக்காகவும்தான்."

ஏப்ரல் 28, ஞாயிறு

மழை. ஒன்பது பேர்தான் வந்தார்கள். காருக்குள் இருந்து முதுகு பிடித்துக்கொண்டது.

மே 1, புதன்

கல்கரியிலிருந்து மைதிலி தொலைபேசி எடுத்தாள். வீட்டு விற்பனை எப்படிப் போகிறது என்று கேட்டாள். நாற்பத்தொரு பேர் வந்தார்கள், ஒருவரும் வாங்கக் கேட்கவில்லை, ஓப்பன் ஹவுஸ் எல்லாம் வீண்வேலை என்றேன். பிறகு புது இடம் பற்றிச் சொன்னேன். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தொடர்மாடியில் இரண்டு அறை வீடு பார்த்திருக்கிறேன், அம்மாவுக்கு நடக்கத் தூரம்.



"அப்பா, ரெண்டு அறை உங்களுக்கு எதுக்கு?"

"அம்மா வந்தால்?"

"வீட்டை விக்கச் சொன்னதே அம்மாதானே அப்பா. அவ வரமாட்டா எண்டு உங்களுக்குத் தெரியும்."

உதவிக்குத்தானே போனவள் என்றேன்.

"என்ன உதவி? கேதீஸ் மாமாவின்ரை செத்தவீட்டுக்குப் போனவா. நீங்கள் கூட்டிக்கொண்டு போகமாட்டன் எண்டனீங்கள். தனிய பஸ்ஸிலை போனவா. ஆறு மாதமாச்சு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கு அப்பா. எனக்கு எட்டு வயசு. நான் மாடிப்படியிலை இருந்தனான்."

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.

"அந்த அக்கா சிவப்புக் கையுறை போட்டிருந்தவா. கையிலை ஒரு கேக் பெட்டி. நீங்கள் கதவைச் சாத்தினாப் பிறகு யன்னலாலை பாத்தனான். அந்தப் பெட்டியை எங்கை வைக்கிறது எண்டு தெரியாமல் அவ அங்கையே நிண்டவா."

அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மே 4, சனி

இரண்டாவது கிழமை ஓப்பன் ஹவுஸ். பதினைந்து பாகை, மெல்லிய முகில்.

முதுகு நோவு காரணமாக இன்று காருக்குள் இருக்கவில்லை. முடி வெட்டினேன், கோயிலுக்குப் போனேன். மண்டபத்தில் ஒரு தூணோடு சாய்ந்து இருந்தேன். நாலரைக்குத்தான் வீடு திரும்பினேன்.

பிரணவன் மேசையடியில் நின்றான். வழக்கமாக அந்நேரம் எல்லா விளக்கையும் அணைத்திருப்பான், இன்று அணைக்கவில்லை.

"அங்கிள், இருபத்தேழு பேர் வந்தவை." பிறகு தாளை என்னிடம் தந்தான். "கடைசியா இருக்கிற ரெண்டு பேரையும் பாருங்கோ."

லோசனியின் எழுத்து எனக்குத் தெரியும். முழுப் பெயரும் எழுதியிருந்தாள்: பத்மலோசனி தியாகலிங்கம். வந்தவர்கள் பெயர் எழுதும் தாளில், என்னுடைய பெயரையும் சேர்த்து. மூன்றாம் நிரலில் ஒன்றும் எழுதவில்லை.

அதற்குக் கீழே வேறு எழுத்து. சுகிர்தா கேதீசன், மொன்றியல். "இந்த வீட்டைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்ற இடத்தில் தமிழில் எழுதியிருந்தது: "என் கணவர் சொல்லியிருக்கிறார்."

கதிரையை இழுத்து இருந்துகொண்டேன்.

பிரணவனுக்கு முதலில் ஆள் தெரியவில்லையாம். "ரெண்டு ஆன்ட்டிமார் வந்தவை. ஒராள் மற்றவவுக்கு வீடு காட்டினவா. ஆள் சுவிச்சைப் பாக்காமலே லைட்டைப் போடுறா. அப்பத்தான் பேரைப் பாத்தனான். உங்களுக்குப் போன் அடிக்கட்டோ எண்டு கேட்டன். வேண்டாம் தம்பி, நாங்களும் பாக்க வந்த ஆக்கள்தான் எண்டவா."

"எங்கையெல்லாம் பாத்தவை?"

"எல்லா இடமும். குசினியிலை கனநேரம். இந்த மேசையிலை ஆர் ஆர் எங்கை இருக்கிறது எண்டு லோசனி ஆன்ட்டி சொன்னவா. பிறகு பேஸ்மென்ட்டுக்குப் போட்டினம். மேலை வரேல்லை எண்டு நான் போய் எட்டிப் பாத்தன். மற்ற ஆன்ட்டி அந்த நீலச் சுவரிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டவா. இதுதானோ, இதுதானோ எண்டு ரெண்டு தரம் கேட்டவா. அவவை விட்டிட்டு நான் மேலை வந்திட்டன்."

"அழுதவையோ?"

"இல்லை அங்கிள். போகேக்கை எனக்கு நன்றி சொன்னவை. வடிவான வீடு எண்டு அந்த ஆன்ட்டி சொன்னவா."

மே 5, ஞாயிறு

இன்றும் வீடு திறந்திருந்தது. யார் வந்தார்கள் என்று கேட்கவில்லை. ஏரிக்கரையில் போய் இருந்தேன்.

எழுதத்தான் வேண்டும். ஏப்ரல் 23ஆம் திகதி, கேதீசன் மொன்றியலில் வேலை கிடைத்துப் போனான் என்று எழுதியிருக்கிறேன். அவன் போன பிறகுதான் வேலை கிடைத்தது.

1998 பெப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவன் ஒரு பெண்ணை விரும்புகிறான் என்றும் சாப்பாட்டுக்குக் கூட்டிவருகிறான் என்றும் லோசனி சொன்னாள். விடிய எழும்பிச் சமைத்தாள். ஆட்டிறைச்சிக் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளம், பாயாசம். வீடு முழுக்க மணம். எனக்கும் சந்தோஷம்தான். நல்ல சேட் போட்டிருந்தேன்.

மணி அடித்தது. கதவைத் திறந்தவன் நான். அவள் கேதீசனுக்குப் பின்னால் நின்றாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வணக்கம் சொன்னாள். எந்த இடம் பிள்ளை என்று கேட்டேன். ஊரைச் சொன்னாள். அங்கே யாருடைய மகள் என்று கேட்டேன். தகப்பன் பெயரைச் சொன்னாள். எனக்கு விளங்கிவிட்டது. எந்த ஆட்கள் என்று விளங்கிவிட்டது. நாங்கள் கோயிலுக்குள் விடாத ஆட்கள்.

நாடு விட்டு நாடு வந்து, நானே ஒரு தொழிற்சாலையில் வெள்ளைக்காரன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த காலம். அதைப் பற்றி எல்லாம் அந்த நேரம் நினைக்கவில்லை. "இண்டைக்கு வீட்டிலை வசதியில்லை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சத்தம் போடவில்லை. சத்தம் போடவில்லை என்பதையே இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கேதீசன் அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தான். இரண்டு பைகளில் உடுப்பைப் போட்டான். லோசனி அவனுக்கு முன்னால் சோற்றைப் போட்டுவைத்தாள். அவன் சாப்பிடவில்லை. "போட்டு வாறன் அத்தான்" என்றான். அதுதான் அவன் என்னோடு கதைத்த கடைசிக் கதை.

அன்றைய கறியெல்லாம் என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. லோசனியிடம் கேட்டதில்லை. அவளும் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. ஒருநாளும் சண்டை பிடிக்கவில்லை. வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

அதற்கு முன்பு இந்த வீடு எப்படி இருந்தது! வெள்ளிக்கிழமைகளில் ஊருக்குத் தொலைபேசி எடுக்கப் பத்துப் பேர் வரிசையில் இருப்பார்கள். புதிதாக வந்த பெடியள் முன்னறையில் ஒரு வரிசையாகப் படுப்பார்கள். லோசனி பெரிய பானையில் தேத்தண்ணி போடுவாள். யாருக்காவது ஊரிலிருந்து நல்ல செய்தி வந்தால் குசினியிலிருந்து ஓடிவந்து, யாருக்கு, யாருக்கு என்று கேட்பாள். கேதீசன் பனி தள்ளும்போது பாடுகிற பாட்டுக்கு முன்வீட்டுக்காரர் யன்னலைத் திறந்து கைதட்டுவார். அந்த ஐந்து வருடத்தைத்தான் நான் முப்பத்தொரு வருடம் என்று எண்ணி வைத்திருக்கிறேன்.

போன நவம்பர் ஏழாம் திகதி அவன் மாரடைப்பில் போனான். வயது ஐம்பத்தொன்பது. லோசனி காரில் கூட்டிக்கொண்டு போங்கோ என்று கேட்டாள். எனக்கு அங்கே என்ன முகத்தோடு நிற்பது என்று தெரியவில்லை. நீர் போட்டு வாரும் என்றேன்.

மே 8, புதன்

காலையில் ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம், தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள், தங்கள் முகவரோடு தனியாக வந்து பார்த்தார்கள். பின்னேரம் கேட்ட விலைக்கே எழுதித் தந்துவிட்டார்கள். ஜூன் 28 வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுக்க வேண்டும்.

"பாத்தீங்களோ அங்கிள், நான் சொன்னனான். ஓப்பன் ஹவுஸாலை விக்கேல்லை" என்றான் பிரணவன்.

வீண் இல்லை என்று மட்டும் சொன்னேன். 

மே 12, ஞாயிறு

மூன்று நாளாகத் தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இன்று காலை எட்டரைக்கு அடித்தேன். லோசனி எடுத்தாள்.

வீடு விற்றாயிற்று என்றேன். தெரியும், பத்திரம் வந்தது என்றாள்.

"நீர் வந்தனீர் எண்டு தாளிலை பாத்தன்."

"ஓம். சுகிர்தா ஒருநாள் கேட்டாள், அவர் இருந்த அறை எப்பிடி இருக்கும் மாமி எண்டு. மைதிலி விளம்பரம் அனுப்பியிருந்தவள். ஓப்பன் ஹவுஸ் எண்டால் ஆரும் போகலாம்தானே. அதுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்." தம்பி மனைவி அவளை மாமி என்றுதான் கூப்பிடுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். தன் மகள் கூப்பிடுவதைக் கேட்டு வந்த பழக்கமாக இருக்கும்.

"சொல்லியிருந்தால் நான் நிண்டிருப்பன்."

"நீங்கள் நிண்டிருந்தால் நான் வந்திருக்கமாட்டன்."

அவள் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. சுகிர்தாவோடு கதைக்கலாமா என்று கேட்டேன். பொறுங்கோ என்றாள். பிறகு யாரோ தொலைபேசியை வாங்கும் சத்தம்.

"சொல்லுங்கோ."

"நான் தியாகலிங்கம்."

"தெரியும்."

எழுதி வைத்திருந்ததை எல்லாம் மறந்துவிட்டேன். "அண்டைக்கு நான் செய்தது பிழை, பிள்ளை" என்றேன்.

"ஓம். பிழைதான்."

 வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அவர் உங்களைப் பற்றி ஒருநாளும் கெடுதலாச் சொன்னதில்லை. விமான நிலையத்திலை கோட்டைக் கழட்டித் தந்த கதையைத்தான் பிள்ளைக்கும் சொல்லுவார். அத்தான் நல்லவர், அண்டைக்கு மட்டும் பிழை விட்டிட்டார் எண்டுவார். அதாலைதான் எனக்குக் கோவம் கூட. என்னை வாசலிலை விட்ட ஆளை வீட்டுக்குள்ளை ஒராள் இருவத்தஞ்சு வருசம் நல்லவர் எண்டு சொல்லிக்கொண்டிருந்தால் எப்பிடி இருக்கும் சொல்லுங்கோ."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"வீடு பாத்திட்டன். நீலச் சுவரையும் பாத்திட்டன். அதை நீங்கள் அழிக்கேல்லை. அதுக்கு நன்றி. மாமியிட்டைக் குடுக்கிறன்."

லோசனி தொலைபேசியை வாங்கி, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கோ என்று சொல்லி வைத்தாள்.

ஜூன் 28, வெள்ளி

இருபத்திரண்டு பாகை. பதினொரு மணிக்குத் திறப்பைக் கொடுத்தேன். பேஸ்மென்ட் சுவரை என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வீடு இனி அவர்களுடையது.

ஓர் அறை உள்ள வீடுதான் எடுத்திருக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

சோறு ஆக்கப் பழகினேன். முதல் நாள் களி. இன்று பரவாயில்லை.

ஒக்டோபர் 13, ஞாயிறு

லோசனி எடுத்தாள். "இருவத்தாறாம் திகதி கேதீசின்ரை முதலாம் வருச ஆட்டைத் திவசம், திதிப்படி. சுகிர்தா வீட்டிலை. வாறதெண்டால் வாங்கோ."

"சுகிர்தாவுக்குச் சம்மதமோ?"

"நான் கேட்டனான். வரட்டும் எண்டாள். அதுக்கு மேலை ஒண்டும் சொல்லேல்லை. நீங்களும் கனக்க எதிர்பாக்காதையுங்கோ." கொஞ்சம் பொறுத்து, "நான் இஞ்சைதான் இருக்கப்போறன். அதையும் இப்பவே சொல்லிவிடுறன்" என்றாள்.

சரி என்றேன். பஸ்ஸில் இருக்கை பதிந்திருக்கிறேன். கார் இருக்கிறது. ஆனாலும் அவள் போன மாதிரியே போகலாம் என்று தோன்றியது.

ஒக்டோபர் 26, சனி. மொன்றியல்

நேற்று வந்து கோயில் பக்கத்து விடுதி ஒன்றில் தங்கினேன். இதை எழுதுவது பின்னேரம், திரும்பும் பஸ் வருமட்டும்.

ஒன்பது மணிக்குப் போனேன். மூன்றாம் மாடி. ஒடுங்கிய நடையில் சப்பாத்துகள் நிறைந்திருந்தன. இருபது, இருபத்தைந்து பேர் இருக்கும். எனக்கு முகம் தெரிந்தவர் லோசனி மட்டும். மெலிந்திருந்தாள். முடியை வெட்டியிருந்தாள், அது அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. வந்திட்டீங்களோ என்று கேட்டுவிட்டுக் குசினிக்குப் போனாள். அங்கே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை வருடம் என்று கணக்குப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

சுகிர்தா ஐயருக்குப் பக்கத்தில் இருந்தாள். தலையை அசைத்தாள். நானும் அசைத்தேன். கேதீசனின் படம் மாலைக்குள் இருந்தது. நரைத்துவிட்டான். நான் நரைக்காத கேதீசனையே நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இடம் போதாததால் குசினிக்குப் பின்னால் இருந்த வெளிமாடத்தில் போய் நின்றேன். வாழைக்காய் ஒரு பெட்டி இருந்தது, கத்தியும் இருந்தது. நிலத்தில் இருந்து தோல் சீவத் தொடங்கினேன். ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் தடுக்கவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்பிள்ளை இன்னொரு கத்தியோடு வந்து எனக்கு எதிரே இருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. கண் கேதீசனுடையது. அவனுடைய மகள். ஆரபி என்று லோசனி பெயர் சொல்லியிருக்கிறாள். கறுப்புச் சுரிதாரின் கையை மடித்துவிட்டுச் சீவத் தொடங்கினாள். என்னைவிடக் கெதியாகச் சீவினாள்.

"அங்கிள், நீங்கள் அப்பாவோடை வேலை செய்தனீங்களோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு, சாப்பிட்டு, கைகழுவி, மூன்று மணி பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். அவளுக்கும் அது லேசாக இருந்திருக்கும், எனக்கும்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "நான் உங்கடை மாமா. லோசனி மாமியின்ரை மனுசன்."

அவளுடைய கத்தி நின்றது. உள்ளே ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் என் முகத்தை, நரைத்த தலையை, கையில் ஒட்டியிருந்த வாழைக்காய்ப் பாலை எல்லாம் பார்த்தாள்.

"நீங்கள்தானோ அது?"

"ஓம்" என்றேன். "நான்தான்."

 எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தேன். பெட்டியில் இன்னும் பாதி வாழைக்காய் இருந்தது. அவள் அடுத்ததை எடுத்துச் சீவத் தொடங்கினாள்.